கிளிக்குக்குக் கொடுக்கும் காசு

மதுரை வாசக நண்பருக்கு,

மோட்டார் காயில் கட்டும் பட்டறையும், போர் மோட்டார் தூக்கி இறக்கும் வேலையுமாக நடத்திவருவதாக எழுதியிருந்தீர்கள். ஒரு விளம்பர நிறுவனத்தார் பட்டறைக்கே வந்து, மாதம் இருபதாயிரம் ரூபாய் கொடுத்தால் கூகுளில் முதல் இடத்தில் உங்கள் கடையை நிறுத்திவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். 'கொடுக்கலாமா, வேண்டாமா?' என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியோடு இருக்கும் தொழில்காரர்கள் நிறையப் பேர் என்பதால் பதிலை இங்கேயே எழுதுகிறேன்.

விளம்பரம் செய்யுங்கள். உங்கள் தொழிலுக்கு அது பொருந்தும். அந்த ஒப்பந்தத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஏன் பொருந்தும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மோட்டார் எரிந்துபோன வீட்டில் தண்ணீர் நின்றுவிடுகிறது. மாடித் தொட்டியில் இருப்பது தீர்வதற்குள் ஆள் வந்தாக வேண்டும். முன்பெல்லாம் பக்கத்து வீட்டில் கேட்பார்கள், ஹார்டுவேர் கடையில் நம்பர் வாங்குவார்கள். இப்போதும் கேட்கிறார்கள்தான், கூடவே கைபேசியிலும் தேடுகிறார்கள். மோட்டாரைச் சரிசெய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. யாரைக் கூப்பிடுவது என்பதுதான் பாக்கி. தேடல் விளம்பரத்தின் பலம் முழுக்க இங்கேதான் இருக்கிறது: தேவைப்படுகிறவர் முன்னால், தேவைப்படும் நேரத்தில் போய் நிற்கும். இல்லாத தேவையை அது உண்டாக்காது. யாரும் கேள்விப்படாத புதுச் சாதனம் ஒன்றை நீங்கள் செய்து விற்பதாக இருந்தால், அதன் பெயரை யாரும் தேடப்போவதில்லை, அதற்கு வேறு வழிதான் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருப்பேன்.

இதில் காசு எப்படிப் போகிறது என்பது தெரியாமல் இறங்கக் கூடாது. 1998-இல் அமெரிக்காவின் பாசடீனாவில் பில் கிராஸ் என்பவர் கொண்டுவந்த கோடூ டாட் காம் என்ற தேடுபொறிதான் இந்த முறையைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது. ஒரு சொல்லுக்கு யார் அதிகமாக ஏலம் கேட்கிறாரோ அவர் விளம்பரம் மேலே வரும். யாராவது அதைத் தொட்டால்தான் காசு. யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் விளம்பரத்துக்குப் பணம் கட்டிப் பழகியிருந்த வியாபாரிகளுக்கு இது பெரிய மாற்றம். 2000 அக்டோபரில் கூகுள் தன் விளம்பரச் சேவையான ஆட்வேர்ட்ஸைத் தொடங்கியபோது ஆயிரம் முறை காட்டினால் இவ்வளவு என்றுதான் வாங்கியது. 2002 பிப்ரவரியில்தான் கிளிக் கணக்குக்கு வந்தது. 2018-இல் அதன் பெயர் கூகுள் ஆட்ஸ் ஆனது. தமிழில் விளம்பரம் எழுத வழி பிறந்ததும் அதே ஆண்டில்தான்.

கோடூவில் கேட்ட தொகையை அப்படியே கட்ட வேண்டும். கூகுளில் அப்படி இல்லை. உங்களுக்குக் கீழே இருப்பவரைத் தாண்ட எவ்வளவு போதுமோ அவ்வளவு கட்டினால் போதும். தொகையோடு தரமும் சேர்ந்துதான் இடத்தைத் தீர்மானிக்கிறது. தேடியவருக்கு விளம்பரம் எவ்வளவு பொருத்தம், அதைத் தொட வாய்ப்பு எவ்வளவு, தொட்டபின் திறக்கும் பக்கம் அவருக்கு உபயோகமானதா என்றெல்லாம் பார்க்கிறார்கள். கணக்குப் புரிவதற்காக எளிமையாகச் சொல்கிறேன். நீங்கள் ஒரு கிளிக்குக்கு 20 ரூபாய் கேட்கிறீர்கள், உங்கள் தரம் 8. பெருக்கினால் 160. போட்டிக் கடைக்காரர் 30 ரூபாய் கேட்கிறார், அவர் தரம் 4. பெருக்கினால் 120. குறைவாகக் கேட்ட நீங்கள்தான் மேலே. கட்டுவதும் 20 ரூபாய் இல்லை. அவருடைய 120-ஐ உங்கள் 8-ஆல் வகுத்தால் 15. அதற்கு ஒரு துளி மேலே. நிஜ ஏலத்தில் இன்னும் பல அம்சங்கள் சேரும் என்றாலும் அடிப்படை இதுதான். பெரிய கடையின் பணத்தைச் சின்னக் கடையின் பொருத்தம் ஜெயிக்க இதில் இடம் இருக்கிறது. உங்களை இறங்கச் சொல்வதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

ஒவ்வொரு தேடலுக்கும் இந்த ஏலம் புதிதாக நடக்கிறது. தேடுபவர் எங்கே இருக்கிறார், மணி என்ன, எந்தச் சொல்லைப் போட்டார், அந்த நேரத்தில் வேறு யாரெல்லாம் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து இடம் மாறும். எனவே 'முதல் இடம் உத்தரவாதம்' என்று சொல்கிறவர் தன் கையில் இல்லாத ஒன்றை விற்கிறார். நான் கையெழுத்து வேண்டாம் என்றதற்கு முதல் காரணம் அது.

இரண்டாவது காரணம், உங்கள் தொழிலில் யார் வாடிக்கையாளர், யார் இல்லை என்பது உங்களுக்குத்தான் தெரியும். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காசு வீணாவதும் மிஞ்சுவதும் இங்கேதான்.

கூகுளிடம் நீங்கள் கொடுக்கும் சொற்களுக்குக் கீவேர்ட் என்று பெயர். 'மோட்டார் ரிப்பேர்' என்று ஒன்றைக் கொடுக்கிறீர்கள். எந்தக் குறியும் போடாமல் கொடுத்தால் அது பிராட் மேட்ச். அதாவது, தொடர்புடையது என்று கூகுள் நினைக்கும் எந்தத் தேடலுக்கும் உங்கள் விளம்பரத்தைக் காட்டலாம். மேற்கோள் குறிக்குள் போட்டால் பிரேஸ் மேட்ச், கொஞ்சம் கட்டுப்பாடு. சதுர அடைப்புக்குள் போட்டால் எக்ஸாக்ட் மேட்ச், இன்னும் கட்டுப்பாடு. அதிலும்கூடப் பொருள் ஒன்றாக இருக்கும் வேறு சொற்களுக்குக் காட்டுவார்கள். புதிதாகத் தொடங்குகிறவர் தெரியாமல் பிராட் மேட்சிலேயே போவதுதான் வழக்கம்.

அப்படிப் போனால் என்ன நடக்கும்? மோட்டார் என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் எத்தனை விதமான ஆட்கள் இருக்கிறார்கள் பாருங்கள். 'மோட்டார் மெக்கானிக் வேலை மதுரை' என்று தேடுகிற இளைஞர். 'வைண்டிங் டயாகிராம்' தேடும் ஐடிஐ மாணவர். '1 எச்பி மோட்டார் விலை' பார்க்கிறவர். பழைய மோட்டாரை விற்கப் பார்க்கிறவர். காருக்கு மோட்டார் இன்சூரன்ஸ் தேடுகிறவர். மோட்டார் வாகன அலுவலகம் எங்கே என்று கேட்கிறவர். தன் மோட்டாரைத் தானே சரிசெய்து பார்க்க வீடியோ தேடுகிறவர். இவர்களில் யார் தொட்டாலும் உங்கள் கணக்கிலிருந்து காசு போகும். அவர்கள் மீது தப்பில்லை, அவர்களுக்கு வேண்டியது உங்களிடம் இல்லை, அவ்வளவுதான்.

கூகுள் ஆட்ஸில் 'சர்ச் டெர்ம்ஸ்' என்று ஓர் அறிக்கை இருக்கிறது. ஜனங்கள் உண்மையில் என்ன அடித்துத் தேடியதால் உங்கள் விளம்பரம் வந்தது, எது கிளிக் ஆனது, அதற்கு எவ்வளவு போனது என்று அது சொற்சொல்லாகக் காட்டும். 2020 செப்டம்பரிலிருந்து எல்லாத் தேடலையும் காட்டுவதில்லை, போதுமான அளவு பேர் தேடியதை மட்டும் காட்டுகிறார்கள். அது வியாபாரிகளுக்கு நஷ்டம்தான். ஆனாலும் இருக்கிற பட்டியலே போதுமான பாடம். வாரம் ஒரு முறை அதைத் திறந்து, வேலை, சம்பளம், கோர்ஸ், டயாகிராம், விலை, பழைய, இன்சூரன்ஸ், வீடியோ என்று உங்களுக்கு ஆகாத சொற்களை நெகட்டிவ் கீவேர்ட் பட்டியலில் சேருங்கள். அந்தச் சொல் இருக்கும் தேடலுக்கு அதன்பின் விளம்பரம் வராது. சேர்க்கும்போது ஒருமைக்கும் பன்மைக்கும், தமிழ் எழுத்துக்கும் ஆங்கில எழுத்துக்கும் தனித்தனியாகச் சேருங்கள். மற்ற கீவேர்ட்களைப் போல நெகட்டிவ் கீவேர்ட் தானாக நெருங்கிய சொற்களுக்குப் பரவாது.

அந்தப் பட்டியலிலேயே உங்களுக்கு வேண்டிய சொற்களும் கிடைக்கும். மேலூர்ப் பக்கத்து விவசாயி 'காயில் கட்ட' என்று அடிப்பார். அண்ணா நகர் அபார்ட்மென்ட்காரர் 'போர்வெல் மோட்டார் சர்வீஸ் நியர் மீ' என்று அடிப்பார். 'போர் மோட்டார் தூக்க' என்று தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பவர்களும் இருப்பார்கள். விளம்பர நிறுவனத்தில் கணினி முன் உட்கார்ந்திருக்கும் பையன் 'நீர்மூழ்கி மோட்டார் பழுது நீக்கம்' என்று போட்டுவிட்டுப் போய்விடுவான். உங்கள் போனுக்கு வருகிறவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்டுப் பழகிய காது உங்களுடையது. அந்தக் காதுதான் இங்கே முதல்.

அடுத்தது இடம். நீங்கள் மதுரை என்று குறித்துவிட்டால் மதுரையில் இருப்பவர்களுக்குத்தான் போகும் என்று நினைப்பீர்கள். கூகுள் தானாக வைத்திருக்கும் அமைப்பு, அந்த ஊரில் இருப்பவர்களோடு அந்த ஊர்மேல் ஆர்வம் காட்டியவர்களையும் சேர்த்துக்கொள்ளும். சென்னையில் உட்கார்ந்து மதுரையைப் பற்றித் தேடுகிறவருக்கும் போகலாம். ஊரில் இருப்பவர்களுக்கு மட்டும் என்ற தேர்வு உள்ளே இருக்கிறது, அதைப் போடுங்கள். பட்டறையிலிருந்து உங்கள் வண்டி செயின் பிளாக்கோடு போய்வரக் கட்டுப்படியாகும் தூரம் எதுவோ, அதற்குள் வட்டம் போடுங்கள். திருமங்கலம் வரை போவீர்கள், உசிலம்பட்டி கட்டாது என்றால் உசிலம்பட்டியை விட்டுவிடுங்கள். தொடங்கும்போது சர்ச் பார்ட்னர்ஸ், டிஸ்ப்ளே நெட்வொர்க் என்று இரண்டு கட்டங்களில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். டிஸ்ப்ளே என்பது யாரோ செய்தி படித்துக்கொண்டிருக்கும்போது ஓரத்தில் வந்து நிற்கும் விளம்பரம். தேடாதவருக்குக் காட்டுவது உங்களுக்குத் தேவையில்லை.

இவ்வளவு சரியாகச் செய்தும் பல தொழில்களில் பணம் கடைசி ஓரடியில் கொட்டிப்போகிறது. போன் எடுப்பதில்லை. உங்கள் ஆட்கள் கிணற்றடியில் குழாயைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது பட்டறைப் போன் அடிக்கிறது. அழைத்தவர் ஆறேழு முறை மணி ஒலித்ததும் வைத்துவிட்டு, திரையில் அடுத்து இருப்பவரைக் கூப்பிடுகிறார். அந்தக் கிளிக்குக்குக் காசு கட்டியவர் நீங்கள், வேலை அடுத்த கடைக்கு. போன் எடுக்க ஆள் இல்லாத நேரத்தில் விளம்பரம் ஓடக் கூடாது. மணி வாரியாக, நாள் வாரியாக நிறுத்திவைக்க வசதி இருக்கிறது. சித்திரை வெயிலில் தண்ணீர் மட்டம் இறங்கி, வோல்டேஜும் இறங்கி மோட்டார்கள் வரிசையாக எரியும் மாதங்களில் உங்கள் கையில் ஏற்கெனவே வேலை நிறைந்திருந்தால், அந்த வாரங்களில் விளம்பரத்தை நிறுத்திவிடுங்கள். பணம் அங்கேயே இருக்கட்டும். இதை எந்த விளம்பர நிறுவனமும் உங்களுக்குச் சொல்லாது. செலவில் இத்தனை சதவீதம் என்று கூலி வாங்குகிறவருக்கு, நீங்கள் செலவைக் குறைப்பதில் என்ன லாபம்?

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு கிளிக் 15 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இருபது கிளிக்குக்கு 300. இருபதில் நான்கு பேர் போன் செய்கிறார்கள், நான்கில் ஒருவர் வேலை கொடுக்கிறார் என்றால், ஒரு வேலையைப் பிடிக்க 300 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்தால் 354. ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அந்த 54 ரூபாயை இன்புட் கிரெடிட்டில் எடுக்கலாம். செம்புக்கம்பி, வார்னிஷ், ஆள்கூலி, வண்டி டீசல் எல்லாம் போக ஒரு காயில் கட்டும் வேலையில் உங்கள் கையில் நிற்பது எவ்வளவு? எழுநூறு நின்றால் இந்த விளம்பரம் உங்களை வாழவைக்கும். முந்நூறுதான் நின்றால் கைக்காசைப் போட்டு வேலை செய்கிறீர்கள் என்று அர்த்தம். நான் சொன்னவை உதாரண எண்கள். உங்கள் எண்களை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு கோடுபோட்ட நோட்டு போதும். அழைக்கும் ஒவ்வொருவரிடமும் 'நம்பர் எப்படிங்க கெடைச்சது?' என்று கேட்டு எழுதிவையுங்கள். கூகுள் தன் பங்குக்கு அழைப்புகளை எண்ணிக் காட்டும். விளம்பரத்திலிருந்து வந்த அழைப்பு 60 விநாடிக்கு மேல் நீடித்தால் அதை ஒரு வெற்றியாக எழுதிக்கொள்வது அதன் வழக்கமான அமைப்பு. ஒரு நிமிடம் விலை கேட்டுவிட்டு வைத்தவரும் அதில் வந்துவிடுவார். உங்கள் நோட்டில் வேலை கொடுத்தவர் மட்டும் வருவார்.

ஒரு நாளைக்கு 300 என்று வைத்தால் 300-தான் போகும் என்றும் நினைக்க வேண்டாம். சில நாட்களில் அதன் இரண்டு மடங்குவரை போகலாம். மாதத்துக்கு நாள் தொகையின் 30.4 மடங்கைத் தாண்டாது. இது தெரியாமல் முதல் வாரமே பதறுகிறவர்கள் உண்டு.

கடைப் பெயரைத் தேடி வருகிறவர்களுக்காக விளம்பரத்தில் பணம் போடலாமா என்ற கேள்வியும் உங்கள் கடிதத்தின் ஓரத்தில் இருந்தது. இதற்கு நல்ல ஆதாரம் ஒன்று இருக்கிறது. 2012-இல் ஈபே நிறுவனம் தன் பெயரைத் தேடுகிறவர்களுக்குக் காட்டிய விளம்பரங்களை அமெரிக்காவில் யாஹூவிலும் எம்எஸ்என்னிலும் நிறுத்திப் பார்த்தது. விளம்பரத்தைத் தொட்டு வந்துகொண்டிருந்தவர்களில் 99.5 சதவீதம் பேர் கீழே இருந்த இலவச இணைப்பைத் தொட்டு வந்துவிட்டார்கள். தாமஸ் பிளேக், கிறிஸ் நோஸ்கோ, ஸ்டீவன் டடேலிஸ் ஆகிய மூவரும் செய்த இந்த ஆய்வு 2015-இல் எகனாமெட்ரிகா இதழில் வந்தது. மற்ற சொற்களுக்கான விளம்பரங்களையும் சில பகுதிகளில் நிறுத்திப் பார்த்தார்கள். அடிக்கடி வாங்குகிறவர்களிடம் விளம்பரத்தால் பயனில்லை, ஈபேயை அதிகம் அறியாதவர்களிடம் பயன் இருந்தது என்று தெரிந்தது. ஈபேயை உலகமே அறியும். உங்கள் பட்டறையை நான்கு தெருதான் அறியும். எனவே அந்த ஆய்வின் பின்பாதி உங்களுக்கு நல்ல சேதி. முன்பாதியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, உங்களை ஏற்கெனவே தெரிந்தவருக்குக் கிளிக் காசு கட்டாதீர்கள் என்பது. அவர்களுக்குக் கூகுள் மேப்பில் உங்கள் கடை சரியாக இருந்தால் போதும். அது இலவசம். பட்டறை திறந்திருக்கும் நேரம், சரியான நம்பர், வேலை நடக்கும் படங்கள், வாடிக்கையாளர்களின் உண்மையான கருத்துகள் என எல்லாவற்றையும் விளம்பரத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

போட்டியாளர் உங்கள் பெயரையே கீவேர்டாகப் போட்டுக் காட்டினால் என்ன செய்வது? இது நம் ஊர் நீதிமன்றம் பார்த்த வழக்கு. பாரத் மேட்ரிமோனியை நடத்திய கன்சிம் இன்ஃபோ, தன் பெயர்களைப் போட்டியாளர்கள் கீவேர்டாக்குவதற்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பாரத், மேட்ரிமோனி இரண்டும் பொதுவாக வழங்கும் சொற்கள் என்ற அடிப்படையில் 2010-இல் தனி நீதிபதி இடைக்காலத் தடை தர மறுத்தார். அகர்வால் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் பெயரை ஒட்டி நடந்த வழக்கில் 2023 ஆகஸ்டில் தில்லி உயர் நீதிமன்றம், வர்த்தகப் பெயரைக் கீவேர்டாக்குவது மட்டுமே குற்றமாகிவிடாது, ஆனால் வாடிக்கையாளரைக் குழப்பினால் கூகுளும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்ற நிலையை எடுத்தது. உங்கள் பட்டறைப் பெயர் தனித்துவமானதாக இருந்தால் வர்த்தகச் சின்னமாகப் பதிந்துவைப்பது நல்லது.

இந்தச் சந்தையின் குறையையும் சொல்லாமல் விடக் கூடாது. ஏலம் நடத்துபவரும் விலை விதியை எழுதுபவரும் ஒருவரே. 2023-இல் வாஷிங்டனில் நடந்த ஏகபோக வழக்கில் கூகுளின் விளம்பரப் பிரிவு அதிகாரி ஜெரி டிஷ்லர், ஏல முறையில் செய்யும் மாற்றங்களால் விளம்பர விலை 5 சதவீதம்வரையும் சில தேடல்களில் 10 சதவீதம்வரையும் ஏறியிருக்கலாம் என்றும், அதை விளம்பரதாரர்களுக்குச் சொல்வதில்லை என்றும் சாட்சியம் சொன்னார். 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, பொதுத் தேடலிலும் தேடல் எழுத்து விளம்பரத்திலும் கூகுள் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தார். போட்டியாளர் யாரும் புதிதாக வராமலே உங்கள் கிளிக் விலை ஏறலாம் என்பதுதான் இதிலிருந்து உங்களுக்கு வேண்டிய செய்தி. ஒரு வேலைக்கு இவ்வளவுக்கு மேல் கொடுக்க மாட்டேன் என்ற உங்கள் வரம்பை நோட்டைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். திரையில் ஒரு மதிப்பெண் காட்டி, பட்ஜெட்டை ஏற்றினால் நூற்றுக்கு நூறு என்று கூகுள் ஆசை காட்டும். அது உங்கள் கல்லாவின் மதிப்பெண் அல்ல. பரிந்துரைகளைத் தானாகச் செயல்படுத்தும் ஆட்டோ அப்ளையும் அணைத்திருக்கட்டும்.

கடைசியாக, அந்த நிறுவனம் வைத்த ஒப்பந்தம். நீங்கள் அனுப்பிய நகலில் விளம்பரக் கணக்கு அவர்கள் பெயரில் இருக்கும் என்று போட்டிருக்கிறது. பட்டறையின் போன் நம்பரை இன்னொருவர் பெயரில் வாங்குவதற்குச் சமம் அது. விலகினால் இத்தனை மாதம் சேர்ந்த சொற்கள், நெகட்டிவ் பட்டியல், அழைப்புக் கணக்கு எதுவும் உங்களுடையது ஆகாது. கணக்கை உங்கள் இமெயிலில் நீங்கள் தொடங்குங்கள், உங்கள் கார்டில் பணம் கட்டுங்கள். உதவிக்கு ஆள் வேண்டும் என்றால் அவருக்கு உள்ளே வர அனுமதி மட்டும் கொடுங்கள். வேண்டாத நாளில் எடுத்துவிடலாம். கூலியை மாதத் தொகையாகப் பேசுங்கள், செலவில் சதவீதம் வேண்டாம். அவர்கள் கேட்ட இருபதாயிரத்தில் விளம்பரத்துக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். பிரித்துத் தர மறுத்தால் அங்கேயே எழுந்துவிடுங்கள்.

முதல் மாதம் நாளொன்றுக்கு 200 ரூபாயோடு, காயில் கட்டுதல், போர் மோட்டார் தூக்குதல் என்ற இரண்டு வேலைகளுக்கு மட்டும் தொடங்குங்கள். மாதம் முடிந்ததும் சர்ச் டெர்ம்ஸ் பட்டியலையும் உங்கள் நோட்டின் பக்கங்களையும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். எந்தச் சொல்லை வைப்பது, எதை வெட்டுவது என்று சேர்ந்தே பார்ப்போம்.

அன்புடன்.